கேரண்டி கொடுக்காத பாய்

கொடைக்கானல் பஜாரில் என்னுடைய எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. கடை போர்டில் எழுதியும் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் ‘எந்தப் பொருளுக்கும் கேரண்டி கிடையாது’ என்று எழுதி வைத்திருந்ததால் மேலே இருந்த பெயரை யாரும் படித்ததில்லை.

டார்ச் லைட், கைக்கடிகாரம், பாக்கெட் ரேடியோ, காலிங் பெல், சாவி கொடுத்தால் கைதட்டும் குரங்கு பொம்மை என்று சென்னையில் மூட்டையாக வாங்கி வந்து டூரிஸ்டுகளுக்கு விற்பார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் சீனச் சாமான் இல்லாத கடையே பஜாரில் கிடையாது. மற்ற கடைக்காரர்கள் ஒரு வருஷம் உழைக்கும், ரெண்டு வருஷம் உழைக்கும் என்று பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்து விற்பார்கள். பாய் மட்டும் டார்ச்சில் பேட்டரியைப் போட்டு வாங்க வந்தவர் முகத்திலேயே அடித்துக் காட்டுவார்.

“எரியுதுங்களா?”

“எரியுது பாய். எத்தன நாளைக்கு எரியும்?”

“இப்ப எரியுது. அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்.”

“கேரண்டி உண்டா?”

“எனக்கே கேரண்டி கெடையாதுங்க. டார்ச்சுக்கு எங்க போயி வாங்குறது?”

பையில் கைவிட்டுப் பர்ஸை எடுத்தவர் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். நான் பூத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். எனக்குப் பொறுமை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிந்து வந்த வியாபாரத்தை ஒரு மனுஷன் வாயால் ஊதி அணைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

“ஒரு வார்த்த ‘உழைக்கும்’னு சொன்னா உங்க வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துரும்?” என்று கத்துவேன்.

“உழைக்கலன்னா அந்தாளு திண்டுக்கல்லுல நின்னுக்கிட்டு என்னைய நெனைப்பாரும்மா. அது நமக்கு வேணாம்” என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் விற்ற சாமான் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் அதை ஒருநாளும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்று முனகிக்கொண்டே மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குவார், சின்ன திருப்புளியை எடுப்பார், சாயங்காலத்துக்குள் ஓடவைத்துக் கொடுத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். கேரண்டி கொடுத்த கடைகளோ, சாமான் திரும்பி வந்தால் எங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்று அடித்துப் பேசும்.

இந்தக் குணம் கடையோடு நிற்கவில்லை. தூண் பாறைக்குப் போகிற டூரிஸ்டு டாக்ஸியிலிருந்து எட்டிப் பார்த்து, “பாய், பனி விலகிருமா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் டாக்ஸிக்காரருக்கு ஒரு வேளைச் சோறு. “அது பனியோட இஷ்டங்க” என்பார் பாய். வண்டி அப்படியே ஓட்டலுக்குத் திரும்பும். டாக்ஸிக்காரர்கள் அவர் கடை வாசலில் வண்டி நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள்.

வாலிபத்தில் பழனிக்குப் பெண் பார்க்கப் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். பெண்ணின் அத்தா, “எம் புள்ளயக் கடைசி வரைக்கும் கண்ணு கலங்காமப் பாத்துக்குவீங்களா மாப்ளே?” என்று கேட்டிருக்கிறார். உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் இந்தக் கேள்விக்கு யோசித்ததாகத் தெரியவில்லை. பாய் யோசித்திருக்கிறார்.

“பாத்துக்கணும்னுதான் இருக்கு. ஆனா கடைசி வரைக்கும்னு எப்புடிச் சொல்றது?”

கொடுத்த டீ ஆறுவதற்குள் மொத்தக் கூட்டமும் மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததாம். “நான் சொன்னது தப்பா தங்கச்சி?” என்று இத்தனை வருஷம் கழித்து என்னிடம் கேட்டார்.

“தப்பில்ல பாய். கிறுக்குத்தனம்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஜாருக்குக் கீழே படிக்கட்டுச் சந்தில் ஒரு ஓட்டு வீட்டில் அவரும் அவருடைய அண்ணனும் மட்டும் இருந்தார்கள். அண்ணனை நாங்கள் பெரிய பாய் என்போம். கடை முதலில் அவருடையதுதான். மனைவி போன பிறகு, ஒரே மகளையும் சென்னையில் கட்டிக்கொடுத்த பிறகு, தம்பியோடு வந்து சேர்ந்துகொண்டார். நல்ல உயரம், கணீரென்ற குரல், நடுவகிடு எடுத்த வெள்ளை முடி.

அவருக்குத்தான் ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. குடித்த டீயைக் குடிக்கவில்லை என்று சொன்னதில் தொடங்கியது. பிறகு ஒருநாள் பஜார் நடுவில் நின்றுகொண்டு என்னிடமே, “பஜாருக்கு எப்படிம்மா போகணும்?” என்று கேட்டார். பாய் அவரை மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். திரும்பி வந்தவருக்கு டாக்டரை ரொம்பப் பிடித்துவிட்டது.

“தங்கமான மனுசன் தங்கச்சி. இது மறதி நோயி, கூடிக்கிட்டேதான் போகும்னாரு. மாத்திர எழுதினாரு. குணமாயிருமான்னு கேட்டேன். ‘அப்படியெல்லாம் சொல்ல முடியாது பாய்’னுட்டாரு. பாரு, எம்புட்டுப் படிச்சவரு, எம்புட்டு நேர்ம!”

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

பெரிய பாய்க்கு எல்லாம் மறந்தாலும் வியாபாரம் மறக்கவில்லை. கல்லா மேஜை ஒன்றைக் கண்டால் போதும், பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். தினமும் கடை திறக்க வேண்டும் என்று வெள்ளனே எழுந்து கிளம்புவார். எந்தக் கடை, எந்தத் தெரு என்பதுதான் தெரியாது. ஒருநாள் காலை பழனி பஸ்ஸில் ஏறிவிட்டார். தெரிந்த மனுஷர் என்று கண்டக்டரும் டிக்கெட் கொடுத்துவிட்டார். மத்தியானம் பழனியிலிருந்து என் பூத்துக்குப் போன் வந்தது. அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் இருக்கிறார் என்றார்கள். பாய் பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அண்ணன் தொப்பியும் தாடியுமாகக் கல்லாவில் உட்கார்ந்து மொட்டை போட்ட பக்தர்களுக்குப் பஞ்சாமிர்த டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். “பெரிய டப்பாவா எடுத்துக்கங்க, சொந்தக்காரங்களுக்குக் குடுக்க வேணாமா?” என்று யோசனை வேறு. கடைக்காரர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல யாவாரம் பாய். நாளைக்கும் அனுப்பி வைங்க” என்றிருக்கிறார்.

ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

அவள் சென்னையிலிருந்து என் பூத்துக்குத்தான் போன் செய்வாள். வீட்டுப் போனை அவளுடைய அத்தா எடுத்து, “இன்னைக்குக் கடை லீவுங்க” என்று சொல்லி வைத்துவிடுவார். செல்போன் வாங்கச் சொன்னால் பாய், “இந்த மலையில எங்க டவர் கெடைக்கும்னு என்ன நிச்சயம்?” என்பார். ஆகவே அண்ணன் மகளும் சித்தப்பாவும் பேசிக்கொள்வது முழுவதும் என் மேஜை வழியாகத்தான். ரிசீவரைக் காதை விட்டுத் தள்ளிப் பிடிப்பது பாயின் வழக்கம். அதனால் எல்லாம் எனக்கும் கேட்கும்.

“சின்னத்தா, அங்க பள்ளம் இருக்கு, பனி இருக்கு, காட்டுமாடு திரியிது. எங்கத்தா எங்கயாச்சும் விழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா? நான் இங்க கூட்டிட்டு வந்திர்றேன்.”

“அங்க வந்து என்னம்மா பண்ணுவாரு? மூணாவது மாடி. பூட்டித்தான வைக்கணும்?”

“பூட்டித்தான் வைக்கணும். எனக்கு மட்டும் அது ஆசையா?” என்று அவள் அழுதாள். “சரி. இனிமே அவரு காணாமப் போக மாட்டாருன்னு நீங்க கேரண்டி குடுங்க. நான் அங்கயே விட்டுர்றேன்.”

நான் பாயைப் பார்த்தேன். கொடுங்க, கொடுங்க என்று கையால் ஜாடை காட்டினேன். அண்ணனை விட்டால் அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. ஒரு வார்த்தை போதும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், “பாக்குறேம்மா” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

“பாக்குறீங்களா? என்னத்தப் பாக்குறீங்க?”

“ஏதாவது மாட்டிப் பாக்குறேன் தங்கச்சி.”

அன்றிலிருந்து கடையில் விற்காமல் கிடந்த சாமானெல்லாம் ஒவ்வொன்றாக அந்த ஓட்டு வீட்டுக்கு இறங்க ஆரம்பித்தது.

முதலில் அண்ணன் கட்டிலிலிருந்து இறங்கும் இடத்தில் கால்மிதி. அதற்குள் சுவிட்சு. அவர் காலை வைத்தால் கடையில் காலிங் பெல் அடிக்கும். கடையில் மிச்சமிருந்த காலிங் பெல் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற ரகம். பெரிய பாய் தொழுகைக்கு எழுந்தாலும் சரி, தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சரி, பஜாரில் ஏசு பிறந்துவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கடைக்கு வயர் என் தகரக் கூரை மேலேதான் போனது. எங்கள் ஊர்க் குரங்குகளுக்கு ஒரு வயரைக் கண்டால் தொங்காமல் இருக்க முடியாது. குரங்கு தொங்கும், பாட்டு கேட்கும், பாய் கஸ்டமரை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடுவார். அங்கே அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்.

“ஏலே, யாவாரத்த விட்டுட்டு இங்க ஏன் வந்த? கடைய யாரு பாக்குறா?”

திட்டு வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி ஏறுவார். மறுபடி குரங்கு தொங்கும்.

அடுத்து வீட்டு வாசலில் சைரன் வைத்த விளக்கு. யாராவது அசைந்தால் கத்தும். வைத்த மறுநாள் விடிந்தும் விடியாமலும் அது கத்தியது. பாய் துண்டோடு பாய்ந்து வெளியே வந்தால், கைக்கெட்டும் தூரத்தில் காட்டுமாடு ஒன்று அவர் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில் நின்று மென்றுகொண்டிருந்தது. அது சைரனையும் மதிக்கவில்லை, இவரையும் மதிக்கவில்லை. இவர் அசையவும் முடியாமல், கூப்பிடவும் முடியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தாராம்: “வந்தவங்களுக்கு வழிய விட்டு நில்லுலே!”

மூன்றாவது, குழந்தை அழுவதைக் கேட்க வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் ஒரு ஜோடிப் பெட்டி. ஒன்று வீட்டில், ஒன்று கல்லாவுக்குக் கீழே. இங்கே பேசினால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் இங்கே கேட்கும். இது பிரமாதமாக வேலை செய்தது. ஒருநாள் டூரிஸ்டு ஒருவர் ஒரு கடிகாரத்தைப் பாதி விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் தலையைச் சொறிந்தார். கொடுத்துவிடுவார் போலிருந்தது. அப்போது கல்லாவின் அடியிலிருந்து ஒரு குரல் இடி மாதிரி வந்தது.

“கட்டாதுன்னு சொல்லுலே! வாங்குன வெலையே அதுக்கு மேல!”

டூரிஸ்டு பின்னால் ஒரு எட்டு வைத்தார். குனிந்து பார்த்தார். பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டூரிஸ்டு முழு விலையையும் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். அந்த சீசனில் பாய் கடையில் நடந்த வியாபாரம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

ஆனால் அந்தப் பெட்டிதான் காரியத்தைக் கெடுத்தது. கடைச் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழுந்தால் கடைக்காரர் வீட்டில் எப்படி உட்காருவார்? சீசன் முடிந்து ஊர் வெறிச்சோடிக் கிடந்த ஒரு மத்தியானம் எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. பெட்டியில் வெகுநேரமாகச் சத்தமில்லை. பாய் குனிந்து, “அண்ணே” என்றார். பதில் இல்லை. “அண்ணே, சாப்டீங்களா?” என்றார். நான் பூத்தைப் பூட்டிவிட்டேன்.

சமைக்க வரும் அக்கா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பெரிய பாய் கிளம்பியிருக்கிறார். ஆளுக்கொரு பக்கம் போனோம். முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. பனிக்குள் பாய், “அண்ணே, அண்ணே” என்று கூப்பிடுவது மட்டும் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏரிக்கரை வளைவில் ஒரு மக்காச்சோள வண்டிக்குப் பின்னால் அவரைக் கண்டுபிடித்தோம். வண்டிக்காரம்மா டீ குடிக்கப் போயிருந்தாள். பெரிய பாய் கரியை விசிறிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்காலில் ரத்தம். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எங்களைப் பார்த்ததும், “எலுமிச்சம்பழம் தடவவாங்க?” என்று கேட்டார்.

பாய் தரையிலேயே உட்கார்ந்து அண்ணனின் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார்.

சென்னைக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அன்று பார்த்து மகள் வீட்டுப் போனில் கூப்பிட, அவளுடைய அத்தாவே எடுத்து, “ஏரிக்கரையில இன்னைக்கு நல்ல யாவாரம்மா. கால்லதான் கொஞ்சம் அடி” என்று சொல்லிவிட்டார். மறுநாள் பூத்துக்குப் போன் வந்தது. லீவு கிடைத்ததும் வருகிறேன், அத்தாவின் துணிமணிகளை எடுத்து வையுங்கள் என்றாள். இந்தத் தடவை அவள் கேரண்டி கேட்கவில்லை.

பாய் பெட்டியைக் கழற்றினார். கடைசியாக ஒரு சாமானைக் கொண்டுபோய் மாட்டினார். கடை வாசலில் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குருவி அது. ஆள் குறுக்கே வந்தால், “ஹலோ, வெல்கம்” என்று கீச்சுக் குரலில் சொல்லும். நாம் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ஏதாவது தேடிக்கொண்டிருந்தாலும் ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் மாட்டினார். அண்ணன் கதவை நெருங்கினால் கத்தும், அடுப்படியிலிருந்து அக்கா ஓடிவருவாள் என்பது திட்டம். அக்காவுக்குக் குக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது வேறொருவருக்கு. அன்று நான் அங்கேதான் இருந்தேன். பெரிய பாய் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கடை திறக்கப் புறப்பட்டார். கதவுக்குப் பக்கத்தில் போனதும் குருவி, “ஹலோ, வெல்கம்” என்றது. நின்றார். குல்லாவைக் கழற்றினார். குடையை மூலையில் சாத்தினார். திரும்பி விறுவிறுவென்று வந்து கூடத்தில் கிடந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “வாங்க வாங்க, என்ன பாக்குறீங்க?” என்றார்.

எதிரே யாரும் இல்லை. ஆனால் கஸ்டமர் வந்திருக்கும்போது கடையை விட்டு வெளியே போகிறவர் வியாபாரியா? கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறந்துபோனது. மறுபடி குல்லா, மறுபடி குடை, மறுபடி குருவி. மறுபடி வந்து உட்கார்ந்தார்.

நான் ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. சாயங்காலம் அண்ணனே அவரிடம் அலுத்துக்கொண்டார்: “இன்னைக்குப் பூரா ஒரே கூட்டம்லே. ஒரு பயலும் வாங்கல. எல்லாம் பாத்துட்டுப் போற கூட்டம்.”

பாய்க்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் அந்த மேஜையில் நாலைந்து டார்ச்சும் ரெண்டு கடிகாரமும் அடுக்கி வைத்தார். பிறகு என்னிடம் வந்து நின்றார்.

“தங்கச்சி, உனக்குச் சோலி இல்லாத நேரம் ஒரு எட்டு போயி எதையாவது வாங்கிட்டு வாயேன். அண்ணன் மனசு விட்டுப்போறாரு.”

அப்படித்தான் நான் ஒரே டார்ச்சைத் திரும்பத் திரும்ப வாங்க ஆரம்பித்தேன். நான் மட்டுமில்லை. அதுவரை பாய் கடை வாசலில் வண்டியே நிறுத்தாத டாக்ஸிக்காரர்கள், பூண்டியிலிருந்து பூண்டு மூட்டை கொண்டுவருகிறவர்கள், போஸ்ட்மேன் என்று வரிசையாகப் படிக்கட்டில் இறங்கினார்கள். வாங்கிய டார்ச்சைக் கடையில் பாயிடம் கொடுத்துவிட்டு, கொடுத்த காசை வாங்கிக்கொண்டு போவார்கள். பெரிய பாய் விலையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். என்னிடம் ஒருநாள், “நீங்க அடிக்கடி டார்ச்சு வாங்குறீங்களே, வீட்டுல கரண்டு இல்லையா?” என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

இந்தக் கூத்து நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதுதான் மகள் வந்தாள். டாக்ஸியைப் படிக்கட்டு முனையிலேயே நிறுத்திவைத்துவிட்டு இறங்கினாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் பாயைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனேன்.

“இப்பத்தான் அவரு வெளிய போறதே இல்லையே. இனிமே போக மாட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் புள்ள விட்டுட்டுப் போயிரும்.”

“குருவிக்குப் பேட்டரி தீந்தா? இல்ல, ஒருநாள் அவருக்கு யாவாரமும் மறந்துபோச்சுன்னா?”

“பொய்யாவாவது சொல்லுங்களேன் பாய்!”

“அது அவ அத்தாம்மா. அவகிட்டப் போயி எப்புடிப் பொய் சொல்றது?” என்றார். அந்த நிமிஷம் அவரைக் கன்னத்தில் அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

பாயே அண்ணனுக்குச் சட்டை மாட்டினார், பொத்தான் போட்டார், தலை வாரிவிட்டார். மகள் ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் அத்தாவின் கையையும் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அவளை யாரென்று தெரியவில்லை. மரியாதைக்காகக் கூடவே நடந்தார். பாய் அடுப்படி வாசலில் திரும்பி நின்றுகொண்டார்.

கதவருகே போனதும் குருவி கூப்பிட்டது.

பெரிய பாய் கையை உருவிக்கொண்டார். “இருங்கம்மா, ஆள் வந்திருக்கு” என்று திரும்பிப் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு எதிரே நிஜமாகவே ஒரு ஆள், பையோடு.

“வாங்கம்மா. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உக்காருங்க.”

“அத்தா, வண்டி நிக்கிது அத்தா.”

“நிக்கட்டும்மா. வண்டி இன்னொன்னு வரும். இந்தச் சரக்கு வராது.”

ஒரு டார்ச்சை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். பேட்டரி போட்டார். ஓட்டுக்கூரையைப் பார்த்து அடித்தார். குரலும் கைகளும் உடம்பும் பத்து வருஷம் பின்னால் போய்விட்டன. மகள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். சென்னைக்கு அவள் கூட்டிப்போக வந்தது நோயாளியை. இங்கே உட்கார்ந்திருப்பது அவளுடைய அத்தா. மெதுவாகப் பையைக் கீழே வைத்துவிட்டு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்ன வெல?” என்றாள்.

சொன்னார். அவள் குறைத்துக் கேட்டாள். கட்டாது என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் பேரம் பேசினாள். அவர் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் டார்ச்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

“கேரண்டி உண்டாங்க?”

அடுப்படி வாசலில் பாய் திரும்பினார்.

“கேரண்டிதானே?” பெரிய பாய் சிரித்தார். “நான் இங்கதானம்மா இருப்பேன். இந்த ஊர விட்டு நான் எங்க போகப்போறேன்? ரிப்பேராச்சுன்னா எப்ப வேணாலும் கொண்டாங்க.”

மேலே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். மகள் டார்ச்சின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள், அணைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, வண்டியப் போகச் சொல்லிருங்க” என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி அந்த மனுஷன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. ஆனால் பாய் ரெண்டு எட்டு முன்னால் வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அம்மா, அது அண்ணன் சொல்றது. நான் எதுவும் சொல்லல, பாத்துக்க. கேரண்டின்னு எம் பக்கத்துல இருந்து…”

“பாய்! செத்த வாய மூடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் குக்கரே அடங்கியிருக்கும்.

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தாள். “உங்ககிட்ட யாரு சின்னத்தா கேட்டா? மொதலாளியே சொல்லிட்டாருல்ல?” என்றபடி டார்ச்சுக்கான பணத்தை எடுத்து நீட்டினாள்.

பெரிய பாய் அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, மேஜை டிராயரில் போட்டார். பிறகு தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏலே, அங்க நின்னு என்ன பேச்சு? இந்தம்மா ரொம்பத் தொலவுல இருந்து வந்திருக்காங்க. வெரசாப் போயி டீ சொல்லு.”

“இந்தா, போறேண்ணே” என்று பாய் செருப்புக்கூடப் போடாமல் படிக்கட்டில் ஏறி ஓடினார்.